சிறை வாசலில் நிற்கும் தாய்க்குத் துணை யார்?



போதைப்பொருளை நியாயப்படுத்த நான் இங்கு வரவில்லை. அது எத்தனை தமிழ்க் குடும்பங்களைச் சீரழித்தது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் பேச வந்தது வேறொன்று. ஒரு மகனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டால், அந்தத் தண்டனையை வீட்டுக்குள் அனுபவிப்பவர்கள் யார்? அவனுடைய தாய், அக்கா, தங்கை, மனைவி. இந்தப் பெண்களுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

சிங்கப்பூர் சட்டப்படி 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் கட்டாய மரண தண்டனை. கஞ்சாவுக்கு 500 கிராமுக்கு மேல். 2013 ஜனவரி முதல் சில குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் ஆயுள் தண்டனை விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

பெயர்களைக் கேளுங்கள். 2005 மே 13, சண்முகம் முருகேசு. 2022 ஏப்ரல் 27, நாகேந்திரன் தர்மலிங்கம். 2023 ஏப்ரல் 26, தங்கராஜு சுப்பையா. 2025 அக்டோபர் 8, பன்னீர்செல்வம் பரந்தாமன். எல்லாம் நம் வீட்டுப் பெயர்கள். இந்த நாட்டு மக்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பெண்கள் நின்றார்கள். சண்முகத்தின் தாய் லெட்சுமி அம்மாள், பதினான்கு வயதுப் பேரப்பிள்ளைகள் இருவரோடு பொதுமக்களிடம் ஆதரவு கேட்டார். தங்கராஜுவின் சகோதரி லீலாவதி சகோதரனுக்காகப் பகிரங்கமாகக் கருணை கேட்டார். பன்னீர்செல்வம் 2014இல் கைதானார். பதினோரு ஆண்டுகள் அவருக்காக ஓடியவர்களில் சகோதரி ஏஞ்சலியா முன்னால் நின்றார். அவர் தம் சகோதரனுக்காக மட்டும் பேசவில்லை, அதே நிலையில் இருந்த மற்றக் குடும்பங்களுக்காகவும் பேசினார். தன் வீட்டில் தீப்பிடித்திருக்கும்போது பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர் சுமப்பது சாதாரண காரியமா?

நாகேந்திரனின் தாய் பாஞ்சாலை அம்மாளை எண்ணிப் பாருங்கள். 2021 அக்டோபரில் மலேசியாவில் இருந்த அவருக்குச் சிறைத்துறையின் கடிதம் போனது. நவம்பர் 10ஆம் தேதி உங்கள் மகனுக்குத் தூக்கு என்று சொன்ன கடிதம் அது. பிறகு நிறைவேற்றம் தள்ளிப்போனது. 2022 ஏப்ரல் 26ஆம் தேதி அவர் கடைசி மனுவோடு நீதிமன்றத்தில் நின்றார். மனு தள்ளுபடி. கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியாக மகனின் கையை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 'அம்மா' என்று அவர் கதறியது நீதிமன்றம் முழுக்கக் கேட்டது. மறுநாள் விடியற்காலை எல்லாம் முடிந்தது. அந்த ஒரு இரவை ஒரு தாய் தனியாகக் கடக்க முடியுமா?

நாள் குறித்துக் கடிதம் வந்த பிறகு இருப்பது சில நாட்கள்தான். அந்த நாட்களில் தினமும் போய்க் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பிள்ளையைப் பார்க்கலாம். கடைசிப் படம் எடுப்பதற்குக் குடும்பம் அவனுக்கு நல்ல உடை வாங்கிக் கொடுக்கலாம். தேக்காவில் தீபாவளிக்குத் துணி எடுக்கிறோமே, அதேபோல ஒரு கடையில் நின்று மகனின் கடைசிச் சட்டையை ஒரு தாய் தேர்ந்தெடுக்க வேண்டும். அளவு சரியாக இருக்குமா என்று யோசிக்க வேண்டும். அந்தக் கடையில் அவள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

பெரும்பாலும் யாரும் இல்லை. ஏனென்றால் வெட்கம். கோயிலுக்குப் போனால் கேள்வி வரும், கல்யாண வீட்டுக்குப் போனால் பேச்சு வரும். "வளர்ப்பு சரியில்லை" என்று நம் வாயிலிருந்துதான் முதலில் வருகிறது. நீதிமன்றம் மகனுக்குத் தீர்ப்பு எழுதுகிறது, நாமோ தாய்க்கு எழுதிவிடுகிறோம். ஆகவே அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

அந்தக் கதவைத் தட்டத் தெரிந்தவர்கள் அதே துயரத்தைக் கடந்த பெண்கள். "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று அவர்கள் கேட்டால் அவள் பதில் சொல்வாள். என்ன செய்தான், ஏன் செய்தான் என்று அவர்கள் கேட்பதில்லை. மரண தண்டனைக் கைதிகளின் குடும்பங்களோடு நிற்கும் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் ஜஸ்டிஸ் கலெக்டிவ் போன்ற அமைப்புகளும் இன்று இருக்கின்றன. ஆனால் அமைப்பு ஒன்று தினமும் ராத்திரி அவள் வீட்டில் படுத்துக்கொள்ள முடியாது. பக்கத்து வீட்டு அக்காவால் முடியும்.

நீங்கள் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். இதற்குப் பணம் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

வழக்கு பொது நீதிமன்றத்தில் நடந்தால் யாரும் போய் உட்காரலாம். நான்கு பெண்கள் அவளோடு போங்கள். ஆங்கிலக் கடிதம் வந்தால் படித்துச் சொல்லப் பிள்ளைகளில் ஒருவரை அனுப்புங்கள். சாங்கி சிறைக்குள் நீங்கள் போக முடியாவிட்டாலும் வாசல்வரை போகலாம். அவள் திரும்பி வரும்போது அங்கே ஒரு முகம் இருக்கட்டும். வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள், பள்ளிக்கு அனுப்புங்கள்.

முக்கியமானது, காரியம் முடிந்த பிறகும் போங்கள். பதினாறாம் நாளோடு கூட்டம் கலைந்துவிடும், அவளுடைய துக்கம் கலையாது. உயிரை விட்டுவிடலாம் என்பதுபோல் அவள் பேசினால் அலட்சியம் செய்யாதீர்கள். எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். நீங்களே போன் போட்டு அவள் கையில் கொடுங்கள்.

மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்கள் கருத்து என் கருத்தாக இல்லாமல் இருக்கலாம். அந்த விவாதத்தை நாம் தொடர்ந்து நடத்துவோம். ஆனால் எந்தச் சட்டமும் அந்தத் தாயைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. சட்டம் சொல்லாததை நாம் ஏன் சொல்ல வேண்டும்?

உங்கள் புளோக்கில் அப்படி ஒரு வீடு இருந்தால், இன்று மாலையே போங்கள் சகோதரிகளே.