குறியும் சோதிடமும்: ஒரே பொய்க்கு இரண்டு மரியாதை



என் சிறுவயதில் எங்கள் தெருவுக்கு எதிர்காலம் சொல்ல இரண்டு பேர் வருவார்கள். கூடையோடு வரும் அம்மா வாசற்படிக்குக் கீழே உட்கார்ந்து கைபார்ப்பார். அவருக்கு முறத்தில் அரிசி, ஒரு பழைய சேலை. பஞ்சாங்கத்தோடு வருபவருக்கு உள்ளே நாற்காலி, வெற்றிலைத் தட்டில் பணம். அந்த அம்மா சொன்னது ‘குறி’. இவர் சொன்னது ‘சோதிடம்’.

‘குறி’ என்றால் அடையாளம், இலக்கு. குறிப்பு, குறிக்கோள், குறியீடு எல்லாம் அதன் பிள்ளைகள். ‘சோதிடம்’ ஒளியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. அகராதி இந்த இரண்டு சொற்களுக்கும் உயர்வு தாழ்வு சொல்லவில்லை. சொல்கிறவரின் சாதிதான் அதைச் சேர்த்தது.

குறி பழைய தொழில். குறுந்தொகையில் வரும் அகவன் மகளைக் குறிசொல்பவளாகவே உரைகாரர்கள் கொள்கிறார்கள். பின்னால் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் குறத்தியை வசந்தவல்லியின் கையைப் பிடித்துக் குறிசொல்ல வைத்தார். இலக்கியத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஊருக்குள்?

1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் சென்னை மாகாணத்தில் குறவர் குழுக்கள் பலவும் பிறவிக் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டன. அவர்களின் கைரேகையைப் பதிவு செய்ய அந்தச் சட்டம் அதிகாரம் தந்தது. ஊராரின் கைரேகையைப் பார்த்து நல்லகாலம் சொன்னவர்களின் ரேகையைக் காவல்துறை மையில் தோய்த்து எடுத்துக்கொண்டது.

இன்னொரு பக்கம், 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘ஜோதிர் விஞ்ஞானம்’ என்ற பெயரில் சோதிடத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க முடிவு செய்தது. எதிர்த்து அறிவியலாளர்கள் தொடுத்த வழக்கை 2004இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று சொல்லும் 51அ பிரிவு அரசமைப்புச் சட்டத்தில் அப்போதும் இருந்தது. குறிக்கு லத்தி, சோதிடத்துக்குத் துறை.

‘சோதிடர் எல்லோரும் பார்ப்பனர் இல்லையே’ என்பீர்கள். உண்மை. வள்ளுவர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் சோதிடம் கணித்தவர்கள். நாள் குறித்துத் தந்த அவர்களையும் தீண்டாமை விட்டுவைக்கவில்லை. மரியாதை கணக்குக்கு இல்லை, பிறப்புக்கு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அப்படியானால் குறியையும் சாத்திரம் என்று உயர்த்த வேண்டுமா? வேண்டாம் தோழர்களே. கைரேகையிலும் எதிர்காலம் இல்லை, கட்டத்திலும் இல்லை. ஆனால் நம் பகுத்தறிவு எங்கே முதலில் பாய்கிறது என்று பாருங்கள். குடுகுடுப்பைக்காரரைக் கேலி செய்து காணொளி போடுகிறோம். வீட்டில் அக்காவின் சாதகத்தை எடுக்கும்போது வாய்மூடி நிற்கிறோம்.

குறிசொல்லும் அம்மா ஒரு படி அரிசியோடு போய்விடுவார். சாதகம் அப்படிப் போவதில்லை. சாதி பார்த்து முடித்த பிறகுதான் நம் வீடுகளில் கட்டமே பார்க்கிறார்கள். சாதி மறுத்துக் காதலித்தவர்களிடம் ‘பொருத்தம் இல்லை’ என்று சொல்லிவிட்டால், சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலேயே கதவை அடைத்துவிடலாம்.

எனவே மூடநம்பிக்கை எதிர்ப்பை வாசலில் தொடங்காதீர்கள், நடுவீட்டில் தொடங்குங்கள். உங்கள் திருமணப் பேச்சில் சாதகத்தைக் கேட்டால், ‘தரமாட்டேன்’ என்று சொல்லுங்கள். வாசலில் நிற்கும் அந்த அம்மாவிடம் குறி கேட்க வேண்டாம். ‘வாங்க, உட்காருங்க’ என்று சொல்லுங்கள். அவர் பேத்தி எந்தப் பள்ளியில் படிக்கிறாள், சாதிச் சான்றிதழ் கிடைத்ததா என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையின் எதிர்காலம் அதில்தான் இருக்கிறது.