பாய்மரப் படகுச் சிற்பி ஒலின் ஸ்டீபன்ஸ்



தன் கைவேலையிற் குறை காண்பவனே நல்ல சிற்பி என்பர். கடலிலே செல்லும் கலத்தைப் படைப்பவனுக்கு இவ்வுரை இன்னும் பொருந்தும். அவனுடைய பிழைக்குப் பிறர் உயிரன்றோ விலையாகிறது! அவ்வுண்மையை உணர்ந்து வாழ்ந்த ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

ஒலின் ஸ்டீபன்ஸ் 1908ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் நிலக்கரி வணிகர். மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்த ஒலின், நோயின் காரணமாக முதலாண்டிலேயே படிப்பைக் கைவிட நேர்ந்தது. பட்டம் பெறாத அவ்விளைஞர் படகு வரைதலையே தொழிலாகக் கொண்டார்; 1929இல், படகுத் தரகரான டிறேக் ஸ்பார்க்மனுடன் கூட்டுச் சேர்ந்தார்.

மகனை நம்பித் தந்தையார் பொருளுதவினார். 52 அடி நீளமும், பத்தடிக்குச் சிறிதே மேற்பட்ட அகலமும் கொண்ட "டொராட்" என்னும் படகு 1930இல் நீரில் இறங்கியது. மறுவருடம் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் பந்தயம் நடைபெற்றது. 23 வயதான ஒலின் தலைமை தாங்க, தந்தையாரும் தம்பி றொட்டும் உடன் சென்றனர். வடக்கே குளிர் மிகுந்த குறுக்குவழியைத் தேர்ந்து, 17 நாட்களில் இங்கிலாந்தின் பிளிமத் துறையை அடைந்தனர். அடுத்த படகு வந்து சேர மேலும் இரண்டு நாட்கள் சென்றன! நியூயோர்க் மாநகரம் ஊர்வலம் நடத்தி அவர்களை வரவேற்றது.

எனினும் புகழ் அவர் கண்ணை மறைக்கவில்லை. டொராட் ஒடுங்கிய படகாதலால் அலைகளில் மிகுதியாக உருண்டாடியது. அதனை ஒப்புக்கொண்ட ஒலின், 1934இல் வெளிவந்த "ஸ்டோமி வெதர்" என்னும் படகை அகலமாக வரைந்தார். அதுவும் மறுவருடம் அத்திலாந்திக் பந்தயத்தில் வென்றது.

1937இல், ஸ்டார்லிங் பேர்கஸ் என்னும் மூத்த வரைஞருடன் சேர்ந்து, அமெரிக்கக் கிண்ணப் போட்டிக்கு "ரேஞ்சர்" என்னும் பெரும் படகை உருவாக்கினார். சிறு மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துச் சோதித்தே அதன் வடிவம் தெரிவு செய்யப்பட்டது. தெரிவான வடிவம் பேர்கஸ் வரைந்ததே என்பதைப் பின்னாளில் ஒலின் தாமே எடுத்துரைத்தார். அது முதல் 1980 வரை அக்கிண்ணத்தைக் காத்த படகுகளுள், ஒன்றைத் தவிர ஏனையவற்றில் அவருடைய நிறுவனத்தின் கைவண்ணம் இருந்தது.

சமுத்திரப் பந்தயப் படகுகளின் அளவு விதிகளை வகுத்த குழுவுக்கும் அவர் தலைமை தாங்கினார். அவ்விதிகளின் இடுக்குகளிற் புகுந்து, வெற்றி ஒன்றையே கருதிப் பலர் இலேசான, அகன்ற படகுகளைக் கட்டலாயினர். 1979ஆம் ஆண்டின் பாஸ்ட்நெட் பந்தயத்திற் புயல் வீசி, 15 மாலுமிகள் மாண்டனர். அதன் பின்னர், புதுப் படகுகளுட் சில தம் மாலுமிகளுக்கே ஆபத்தானவை என ஒலின் வெளிப்படையாக எச்சரித்தார். தாம் பங்குகொண்ட விதியின் குறையையும் அவர் மூடி மறைக்கவில்லை.

2008இல், தமது நூறாவது வயதில் அவர் மறைந்தார். ஐந்தாண்டுகளின் பின், 2013இல், புதுப்பிக்கப்பட்ட டொராட் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்த் தீவுக்குச் செல்லும் பந்தயத்தில் மீண்டும் வெற்றி பெற்றது. குறையுடையதென்று அவரே கூறிய அப்படகு, அவருக்குப் பின்னும் கடலில் ஓடியது.