மண்டபத்துல ஹோவர்கிராஃப்ட் ஏன் நிக்குது?

மதுரைல உக்காந்துட்டு கடலைப் பத்தி என்னப்பா பேச்சுன்னு கேக்காதீங்க. நம்ம ஊர்ல இருந்து ராமேஸ்வரம் ரோட்டைப் பிடிச்சா, கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர்ல மண்டபம் வந்துடும். அங்க இருக்கிற இந்தியக் கடலோரக் காவல்படை நிலையம்தான் இன்னைக்கு எபிசோடு.

முதல்ல ஒரு ஃப்ளாஷ்பேக். 1964 டிசம்பர் 22, ராத்திரி. தனுஷ்கோடியைப் புயல் அடிக்குது. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் இழுத்துட்டுப் போயிடுச்சு. அதுல மட்டுமே 100 பேருக்கு மேல இறந்தாங்க. பாம்பன் பாலமும் உடைஞ்சதால, தீவுக்கு ரயில்ல உதவி அனுப்பவும் வழியில்ல. பாலத்தை 46 நாள்ல சரி பண்ணிட்டாங்க. ஆனா தனுஷ்கோடி ஊர் திரும்பவே இல்ல.

அன்னைக்கு நம்ம நாட்டுல கடலோரக் காவல்படைன்னு ஒண்ணே கிடையாது. இங்கிலாந்துல 1824லேயே உயிர்காப்புப் படகுகளுக்குன்னு தனி அமைப்பு வந்துடுச்சு. மக்கள் தர்ற நன்கொடைல, பெரும்பாலும் தன்னார்வலர்களை வச்சே இன்னைக்கும் அது ஓடுது. நம்ம காவல்படை தொடங்கினது 1977ல. அதுக்கான சட்டம் வந்தது 1978ல. அதுவரைக்கும் கடல்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டா, பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற இன்னொரு மீனவர்தான் காப்பாத்தணும்.

சரி, மண்டபத்துல எதுக்கு ஹோவர்கிராஃப்ட்? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல மணல் திட்டுகள் வரிசையா இருக்கு. சில இடத்துல ஒரு மீட்டர் ஆழம்தான். பெரிய கப்பல் போனா தரை தட்டிடும். ஹோவர்கிராஃப்ட் காத்து மெத்தை மேல மிதக்கிறதால, தண்ணியோ மணலோ, ரெண்டு மேலயும் போகும். எஞ்சினியரிங் பாஷைல சொன்னா, இடத்துக்கு ஏத்த டிசைன்.

அது எவ்வளவு முக்கியம்னு 2022 மார்ச்ல தெரிஞ்சது. இலங்கைல பொருளாதார நெருக்கடி. அங்க இருந்து படகுல வந்த ஆறு தமிழர்களை அரிச்சல்முனை பக்கத்துல ஒரு மணல் திட்டுல இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. அதுல ஒரு கைக்குழந்தையும் இருந்துச்சு. சுத்தியும் கடல், நிழல் கிடையாது. ஹோவர்கிராஃப்ட் நேரா அந்தத் திட்டுலயே ஏறி அவங்களைக் கூட்டிட்டு வந்துச்சு.

அந்த வண்டி தூரத்துல ஏதோ துறைமுகத்துல நின்னிருந்தா? அதனாலதான் மீட்பு நிலையம் எங்க இருக்குங்கிறது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்த தடவை தனுஷ்கோடி ட்ரிப் போறதுக்கு முன்னாடி ஒரு நம்பரை போன்ல சேவ் பண்ணிக்கோங்க: 1554. கடல்ல ஆபத்துன்னா கடலோரக் காவல்படையைக் கூப்பிடுற இலவச எண். அடுத்த எபிசோடுல பாக்கலாம் மக்களே!