கண்ணீர்ப் பள்ளத்தாக்கு தீவான கதை



அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், கல்லே நிலமாகக் கிடக்கும் அரன் தீவுகள் மூன்று உள்ளன. தீவொன்றுக்கு ஒரு பங்கு. திருச்சபை வழிவந்த அப்பங்குப் பிரிவையே அந்நாட்டின் நில அளவையும் தனக்கு எல்லையாகக் கொண்டது.

1824-இல் தொடங்கிய அவ்வளவை நிலவரியைச் சீராக விதிப்பதற்கென வந்தது. படைப் பொறியாளர்கள் மைலுக்கு 6 அங்குலம் என்னும் அளவில் நாடு முழுவதையும் வரைந்தனர். நிலத்தை அளக்க அவர்களிடம் சங்கிலி இருந்தது. பெயர்களுக்கோ மொழியறிந்தார் ஒருவர் வேண்டியிருந்தார். 1830-இல் ஜான் ஓ'டோனவன் என்னும் ஐரிஷ் மொழி அறிஞர் சேர்க்கப்பட்டார். அவர் ஊர்தோறும் சென்று மக்கள் வாய்ச்சொல்லைக் கேட்டார், பழஞ்சுவடிகளோடு ஒப்பிட்டார். பங்குதோறும் அமைந்த பெயரேடுகளில் ஒரே இடத்தின் பல்வேறு எழுத்து வடிவங்களும் ஐரிஷ் மூலமும் பதிவாயின. 1839-இல் அரனுக்கும் அவர் வந்தார். ஆயினும் படத்தில் அச்சேறியது ஆங்கில எழுத்துக்கு இசைவித்த வடிவமே. பொருள் ஏட்டில் தங்கிவிட்டது. இதற்காக ஓ'டோனவனைப் பழிப்போர், அவரின்றேல் அவ்வேடும் இராது என்பதை எண்ணுவதில்லை.

ஏடும் எல்லாவற்றையும் காக்கவில்லை. யார்க்ஷயரில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, ஓவியராக வாழ்ந்த டிம் ராபின்சன் 1972-இல் அரனில் குடியேறினார். தீவுக்கு நல்ல படமொன்று வரைந்து தருமாறு அவரைத் தூண்டியவர் அங்கிருந்த அஞ்சலகப் பெண்மணி. பழைய ஆறங்குலப் படத்தைக் கையிற்கொண்டு அவர் பாறை பாறையாக நடந்தார், ஐரிஷ் கற்றார், முதியோரைக் கேட்டார். இடப்பெயரின் காரணத்தைக் கதையாகவும் செய்யுளாகவும் உரைக்கும் 'டின்ஷனகஸ்' என்னும் மரபு அம்மொழியில் இடைக்காலம் தொட்டே உண்டு. நம் தலபுராணத்தை ஒருவாறு ஒத்தது அது. கேட்டவர்க்குச் சொல்ல ஊரில் ஆளிருந்ததில் வியப்பில்லை.

பழைய படத்தில் கரையோரத்து ஓரிடம் 'இல்லானனார்' எனப் பொறிக்கப்பட்டிருந்தது. முற்பகுதியைத் தீவு எனப் பொருள்படும் சொல்லாக அளவையாளர் கருதினர் போலும். பிற்பகுதிக்கு எம்மொழியிலும் பொருளில்லை. ஊரார் வழங்கிய பெயரோ 'கிளான் ந ஞோர்', அதாவது கண்ணீர்ப் பள்ளத்தாக்கு.

அமெரிக்காவுக்குப் பிழைக்கச் சென்ற தீவினர் படகேறிக் கானமாராக் கரையை அடைவர். அங்கிருந்து ஏறத்தாழ 30 மைல் நடந்து கால்வே துறையில் கப்பலேறுவர். அக்கப்பல் மீண்டும் அரனைக் கடந்தே செல்லவேண்டும். புயல் வீசினால், அது தணியும்வரை தீவின் மறைவில் நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சில நூறு கெசமே. பெற்றோர் அப்பள்ளத்தாக்கில் இறங்கி வந்து கையசைப்பர். குரல் எட்டாது. சென்றவர் திரும்புவது அரிது.

வரிக்கணக்குக்கு இந்தச் செய்தி வேண்டியதில்லை; ஆகவே யாரும் அழிக்க எண்ணாமலே அழிந்தது. ராபின்சனின் அரன் படம் 1975-இல் வெளிவந்தது. அதில் அவர் பொறித்தவை ஐரிஷ் பெயர்கள்.