பரிசல் முடைதலும் செலுத்துதலும்

(காவேரிக்கரைக் குடியானவர்களுக்கும் மீன் பிடிப்போருக்கும் செய்த பிரசங்கம்)



காவேரிக்கரையில் வாழும் உங்களுக்குப் பரிசலைப்பற்றி எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை யொக்கும். ஆயினும் நெடுநாள் பழகிய பொருளிடத்திலேயே நமக்கு அஜாக்கிரதை மிகுதி. ஆகையால் பரிசலை முடைவதையும், மெழுகுவதையும், செலுத்துவதையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசிக்கிறேன்.

சுமார் 1520-ம் வருஷத்தில் விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பாயிஸ் என்னும் போர்த்துக்கேசியர், அங்கே ஜனங்கள் கூடைபோன்ற வட்ட ஓடங்களில் ஆற்றைக் கடந்ததாக எழுதியிருக்கிறார். அவை உள்ளே பிரம்பினால் பின்னப்பட்டு வெளியே தோலால் மூடப்பட்டவை. 15 அல்லது 20 பேரைத் தாங்கியவை. துடுப்பிடுகையில் சுழன்றுகொண்டே சென்றவை. 500 வருஷங்கள் கழிந்தும் உருவம் மாறவில்லை. மேற்பூச்சு ஒன்றே மாறியிருக்கிறது. ஒகேனக்கல்லிலும், 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்திலும், தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வழக்கத்துக்கு வந்துவிட்டன. ஒரு சாண் ஜலத்திலும் மிதப்பது, பாறையில் இடித்தாலும் வளைந்துகொடுப்பது, ஒருவர் தலைமேல் தூக்கிச் செல்லத்தக்கது என்னும் மூன்று குணங்களால் இது இன்றும் நிலைத்திருக்கிறது.

முதலில் மூங்கிலைக் கவனிக்கவேண்டும். இளமூங்கில் கூடாது; மூன்று வருஷத்துக்குக் குறையாமல் முற்றியதே உதவும். வெட்டிய மூங்கிலை ஓடும் ஜலத்தில் சில வாரங்கள் ஊறவைத்தால், அதிலுள்ள மாச்சத்துக் கரைந்து, வண்டு துளைப்பது குறையும். பிளாச்சுகளை ஈரம் உலருமுன்பே வளைக்கவேண்டும், உலர்ந்தவை முறியும்.

அடிவட்டம் 6 அடி குறுக்களவும், பக்கம் 2½ அடி உயரமும் உள்ள பரிசலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதற்கு நடுவில் ஓடும் பிளாச்சுகள் 12 அடிக்குக் குறையலாகாது. சமதரையில் வட்டங் கீறி, பிளாச்சுகளை இருபுறமும் குறுக்கே பரப்பிப் பின்னி, நடுவில் கனமான கற்களை ஏற்றவேண்டும். பிறகு வட்டத்துக்கு வெளியே நீண்ட முனைகளை மேல்நோக்கி வளைத்துச் சுற்றிலும் பிளாச்சுகளைக் கோத்து வரவேண்டும். விளிம்பில் உள்ளும் புறமும் பிளாச்சுக் கற்றை வைத்து இறுகக் கட்டவேண்டும். பரிசலின் பலம் முழுவதும் இந்த விளிம்பிலேயே இருக்கிறது.

பின்னல் முடிந்தவுடன் விரிப்பைப் போர்த்த அவசரப்படவேண்டாம். கையால் தடவிப் பார்த்துக் கணுக்களையும் கூரிய முனைகளையும் சீவிவிடுங்கள். இன்று விட்ட ஒரு சிம்பு நாளைக்கு நடு ஆற்றில் ஓட்டையாகும். பிறகு கெட்டியான விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்து விளிம்போடு தைத்துத் தார் பூசவேண்டும். தாரைத் திறந்த வெளியில் சிறு தீயில் உருக்குவதே நலம். காய்ந்த தாரில் சிறிது ஜலம் விழுந்தாலும் பொங்கித் தெறித்து மேனியைப் பொசுக்கிவிடும். தீப்பற்றினால் ஜலத்தை ஊற்றாமல் மணலால் மூடவேண்டும். கொதிக்கக் கொதிக்கப் பூசினால் விரிப்பு இளகிச் சுருங்கும். ஆகையால் சற்று ஆறவிட்டு மெல்லியதாய்ப் பூசி, அது இறுகியபின் மறுபூச்சுக் கொடுங்கள்.

புதுப்பரிசலில் உடனே ஆட்களை ஏற்றலாகாது. முழங்காலளவு ஜலத்தில் மணல்மூட்டைகளை ஏற்றி ஒருமணி நேரம் மிதக்கவிட்டு, கசிவு கண்ட இடங்களைக் குறித்துக்கொண்டு, உலர்த்தி, அவ்விடங்களில் மீண்டும் பூசவேண்டும்.

இனி முக்கியமான கணக்கைச் சொல்கிறேன். 6 அடி வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர அடி. அது ஓர் அங்குலம் தாழ்ந்தால் சுமார் 66 கிலோ எடையுள்ள ஜலத்தை விலக்குகிறது. அதாவது ஓர் ஆள் ஏறினால் ஓர் அங்குலந்தான் தாழும். எட்டுப்பேர் ஏறினாலும் ஜலத்துக்குமேல் ஒன்றரை அடிக்கு அதிகமான பக்கம் தெரியும். இதைக் கண்டுதான் கரையிலுள்ளவர், “இன்னும் நாலுபேர் ஏறலாம், வாருங்கள்” என்கிறார். அங்கேதான் மோசம் போகிறோம். பரிசல் பாரத்தால் தாழ்ந்து முழுகுவது அபூர்வம். ஒருபக்கம் சாய்ந்தே கவிழ்கிறது. ஆட்கள் மிகுந்தால் எல்லோரும் தரையில் உட்கார இடமிராது, நிற்பார்கள். நின்றால் பாரம் மேலே ஏறும். ஒருவர் அசைந்தாலும் எல்லோரும் சாய்வார்கள்.

நான் கண்ணாற் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சந்தை நாள். நாங்கள் பதினொருவர் ஏறிய பரிசல் ஆற்றின் ஆழத்தை யெல்லாம் சுகமாய்க் கடந்துவிட்டது. கரைக்கு மூன்று பாகம் தூரத்தில், தொடையளவு ஜலத்தில், முதலில் இறங்கவேண்டுமென்று எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்தார்கள். பரிசல் எங்கள்மேல் கூடைபோற் கவிழ்ந்தது. நாங்கள் எழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டியம்மாளைக் காணோமென்று பிறகே தெரிந்தது. பரிசலைப் புரட்டினோம், அவர் அதனடியில் இருந்தார். பரிசலோட்டி அவரைத் தூக்கிக் கரையிற் கிடத்தினார். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். தொடையளவு ஜலந்தானே என்று அன்றுமுதல் நான் சொல்வதில்லை.

ஆகையால் எத்தனைபேர் தரையில் நெருக்கமின்றி உட்காரக்கூடுமோ அத்தனைபேரே ஏறவேண்டும். ஒவ்வொருவரும் உயிர்காப்பு மேலாடை அணியவேண்டும். கரை சேர்ந்ததும் பரிசலோட்டி முதலில் இறங்கி விளிம்பைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்கவேண்டும்.

செலுத்துவோர் போகும் திசையை நோக்கி அமர்ந்து, துடுப்பை முன்னே நீட்டித் தம்மை நோக்கி வலிக்கவேண்டும். ஒரே பக்கத்தில் வலித்தால் பரிசல் சுழலும்; இருபக்கமும் மாறிமாறி வலித்தால் நேரே செல்லும். ஆழங்குறைந்த இடத்தில் மூங்கிற்கழியால் ஊன்றலாம்.

இங்கே மழையில்லை யென்று ஆற்றை நம்பவேண்டாம். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகரம் அணைகளிலிருந்து ஜலம் திறந்தாலும் இங்கே வெள்ளம் ஏறும். ஜலம் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்துவரக் கண்டால் உடனே கரையேறுங்கள். அதிகாரிகள் பரிசலை நிறுத்தச் சொல்லும் நாளில் கூலியை நினைத்து இறக்கவேண்டாம். ஆடிக்காற்றில் நீர்த்தேக்கத்தின் நடுவே போவதும் தகாது. பரிசல் லேசானது, காற்று இழுத்த பக்கம் போய்விடும்.

வேலை முடிந்ததும் பரிசலைப் பாறைமேல் இழுக்காமல் தூக்கி வந்து, நிழலிற் கவிழ்த்து வையுங்கள். வருஷத்துக்கொரு முறை தார் பூசுங்கள்.

நான் சொன்னவை யாவும் மறந்துபோயினும், “ஓர் ஆளுக்கு ஓர் அங்குலந்தான் தாழும், ஆனால் எழுந்து நின்றால் கவிழும்” என்னும் ஒன்றை மட்டும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்குமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.