கொல்லையில் கொட்டகை போடுமுன்

"நம்ம கொல்லையிலே மாட்டுக்கொட்டகை போட யாரைக் கேக்கணும்?" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கடைக்கால் எடுத்தது பாதி வண்டிப்பாதைப் புறம்போக்கில். சுவர் எழும்பினபிறகு அவரே இடிக்க வேண்டியதாயிற்று. செங்கல் போச்சு, கூலியும் போச்சு.

கிராம ஊராட்சிகளுக்கும் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் செல்லும். ஆகவே சுவர் வைத்துக் கட்டுவதானால், கடைக்கால் தோண்டுமுன் பட்டா நகலும் வரைபடமும் எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். எல்லையில் சந்தேகமா? சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.

அண்ணாந்தும் பாருங்கள். ஊர் மின்கம்பி கூரைக்கு மேலே 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளி இருக்கணும். 11,000 வோல்ட் கம்பியானால் மேலே 3.7 மீட்டர். கம்பிக்கடியில் வைக்கோல்போர் வேண்டவே வேண்டாம்.