பழைய லொறியில் ஒயில் பிறஷர் குறைந்தால்: எஞ்சினை இறக்கமுன் பார்க்கவேண்டியவை



ஊர் திரும்பிய கையோடு உங்களில் பலர் பழைய லொறி ஒன்றை நம்பித் தொழிலைத் தொடங்குகிறீர்கள். நெல், மணல், வீடு கட்டும் சீமெந்து என்று ஏற்றி இறக்க வேலை இருக்கிறது. ஆனால் கையில் உள்ள வண்டி பல இலட்சம் கிலோமீற்றர் ஓடி முடித்தது. ஒரு நாள் டாஷ்போட்டில் ஒயில் லைற் சிவப்பாக எரியும், அல்லது ஒயில் மீற்றரின் முள் கீழே விழும். "எஞ்சின் முடிஞ்சுது, இறக்கித்தான் செய்யவேணும்" என்று ஒருவர் சொல்வார். அந்த ஒரு சொல்லில் கையில் உள்ள உதவிப் பணமும் அடகுவைத்த நகையும் சேர்ந்து போய்விடலாம். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் அதை எவராலும் சொல்ல முடியாது.

முதலில், ஒயில் பிறஷர் என்றால் என்ன? தோட்டத்துக்கு நீர் இறைக்கும் வோட்டர் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் நுனியில் நீர் வேகமாக வரவில்லை என்றால் காரணங்கள் நான்குதான். கிணற்றில் நீர் குறைவு; உறிஞ்சு குழாயின் அடிவலையில் சருகு அடைப்பு; பம்ப் தேய்வு; அல்லது குழாயில் ஓட்டை. எஞ்சினிலும் இதே கதைதான். கிணறு என்பது அடியில் உள்ள சம்ப். அடிவலை என்பது சம்புக்குள் இருக்கும் ஒயில் வடி. குழாய் ஓட்டை என்பது கிராங்கைத் தாங்கும் பெயாரிங்குகள் தேய்ந்து, இடைவெளி கூடி, ஒயில் எளிதாக வழிந்துபோவது. இந்த நான்கில் கடைசிக்குத்தான் பெருஞ்செலவு.

சிவப்பு லைற் ஓடும்போது எரிந்தால் வண்டியை ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை உடனே அணையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பிறஷர் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 5 இறாத்தலாக விழுந்த பின்னரே அந்த லைற் எரியும். அதாவது பிறஷர் ஏறக்குறைய இல்லை. "வீடு கிட்டத்தானே, மெல்லப் போவம்" என்று ஓட்டினால் சிறு செலவுடன் முடியவேண்டிய கோளாறு கிராங்கையே தின்றுவிடும்.

இனி, செலவு குறைந்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. ஒயில் அளவு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். குறைவென்றால் நிரப்பி, ஒழுக்கு எங்கே என்று தேடுங்கள். ஊற்றாமலே ஒயில் மட்டம் உயர்ந்திருந்தால் அது நல்ல செய்தி அல்ல. மணந்து பாருங்கள். டீசல் மணம் வந்தால் டீசல் ஒயிலுக்குள் இறங்குகிறது. ஒயில் நீர்த்து, பிறஷர் விழுகிறது. பால் விட்ட கோப்பி போல் இருந்தால் நீர் கலந்திருக்கிறது. இரண்டிலும் அந்தக் காரணத்தைத் திருத்தாமல் எஞ்சினை ஓட்டவேண்டாம்.

2. ஒயில் வகையும் பில்ரரும். எப்போது மாற்றியது, என்ன தரம் என்று தெரியாவிட்டால் இரண்டையும் மாற்றுங்கள். பழைய டீசல் லொறிகள் பலவற்றுக்கு 15டபிள்யூ-40 பொருந்தும். வண்டியின் கைநூல் கிடைத்தால் அதில் உள்ளதையே ஊற்றுங்கள்.

3. லைற்றும் அதன் ஸ்விச்சும். திறப்பைப் போட்டதும், எஞ்சின் ஓடமுன், லைற் எரியவேண்டும். எரியாவிட்டால் பல்ப் அல்லது வயர் பழுது. இனி அது உங்களை எச்சரிக்காது. மறுபுறம், எஞ்சின் நலமாக இருந்தும் ஸ்விச் பழுதாகி லைற் எரிவதும் உண்டு.

4. உண்மையான அளவு. இதுதான் முக்கியம். கராஜில் ஸ்விச்சைக் கழற்றி, அதே துவாரத்தில் குழாயுள்ள கை மீற்றரைப் பூட்டி அளக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினில் ஒருமுறை, நன்கு சூடான பின் ஒருமுறை. அக்சிலேற்றரை மிதிக்காமலும் மிதித்தும் பார்க்கவேண்டும். கைநூல் இல்லாதபோது மெக்கானிக்மார் கொள்ளும் பொதுக் கணக்கு: சூடான எஞ்சினில் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு ஏறத்தாழ 10 இறாத்தல்.

அந்த அளவு உங்களுக்கு வழி காட்டும். கை மீற்றரில் பிறஷர் சரி என்றால் ஸ்விச்சை மாற்றுவதோடு வேலை முடிந்தது. குளிரிலும் சூட்டிலும் எந்த வேகத்திலும் குறைவென்றால், பிறஷரைக் கட்டுப்படுத்தும் வால்வ் அழுக்கில் திறந்தபடி சிக்கியிருக்கலாம், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம். வேகம் கூட்டக் கூட்டப் பிறஷர் விழுந்தால் வடியில் அடைப்பைச் சந்தேகியுங்கள். முள் துடித்துக்கொண்டிருந்தால் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள். குளிரில் நன்றாக இருந்து, சூடானதும் நின்ற ஓட்டத்தில் விழுந்து, மிதித்தால் ஏறினால், பெரும்பாலும் பெயாரிங் தேய்வுதான். அடியிலிருந்து கனத்த தட்டல் ஒலியும் கேட்டால் இனி ஓட்டவேண்டாம்.

அப்போதும் எஞ்சினை உடனே இறக்கவேண்டியதில்லை. பல லொறிகளில் சம்பை மட்டும் கழற்றி வடியையும் பம்பையும் பெயாரிங்கையும் பார்க்கலாம். பெயாரிங் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தாலும், கிராங் கீறலின்றி அளவுக்குள் இருந்தால் பெயாரிங்கை மட்டும் மாற்றலாம். கிராங் கீறியிருந்தால்தான் அதை இறக்கி, லேத் பட்டறையில் அரைத்து, அதற்கேற்ற தடிப்பான பெயாரிங் போடவேண்டும்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். தேய்ந்த எஞ்சினுக்குத் தடித்த ஒயில் ஊற்றினால் முள் சில காலம் மேலே நிற்கும், நோய் போகாது. காலையில் எஞ்சினை எழுப்பும்போது அந்தத் தடித்த ஒயில் பெயாரிங்குக்குப் போய்ச்சேரப் பிந்துவதால் தேய்வு இன்னும் கூடும். ஆகவே குளிர்ந்த வண்டியைப் பார்த்து விலை பேசாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, நின்ற ஓட்டத்தில் முள்ளைப் பாருங்கள்.

விட்டுப்போன வண்டியை மீட்கப் போகிறவர்களே, அது நிற்கும் காணியில் கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகும்வரை கிட்டப் போகாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னும் உடனே எஞ்சினை எழுப்பவேண்டாம். பழைய ஒயிலை இறக்கிப் பில்ரரை மாற்றுங்கள். பிறகு டீசலை நிறுத்திவைத்தபடி, ஸ்ராட்டரை விட்டு விட்டுச் சுற்றி, ஒயில் லைற் அணைந்த பின்னரே எஞ்சினை எழுப்புங்கள். கழிவு ஒயிலைக் கலனில் சேருங்கள்; கிணற்றடியிலும் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். கட்டை வைத்துத் தாங்குங்கள்.

கராஜில் "எஞ்சின் செய்யவேணும்" என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். குளிரிலும் சூட்டிலும் பிறஷர் எத்தனை? கை மீற்றரில் அளந்ததா? சம்பைக் கழற்றியபோது என்ன தெரிந்தது? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். கழற்றியதை உங்கள் கையிலேயே தந்து காட்டுவார். மூன்றுக்கும் பதில் கிடைத்த பின் காசை எடுங்கள்.